லூலுவா பேசிய சிங்களம்

குவைத்தின் சல்மியாவில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் நுழையாத ஒரே இடம் விளையாட்டு முற்றம்தான். வகுப்புக்குள் பிள்ளைகள் கைகூப்பி வணக்கம் சொல்வார்கள், எழுத்தைக் கூட்டி வாசிப்பார்கள், யானையைப் பற்றி ஐந்து வரி ஒப்பிப்பார்கள். இடைவேளை மணி அடித்துக் கதவைத் தாண்டிக் கால் வைத்தார்களோ இல்லையோ, அத்தனை பேர் வாயிலும் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இனோகா டீச்சர் செய்யாத வித்தை இல்லை. சிங்களத்தில் பேசினால் நட்சத்திரம் ஒட்டினாள். ஆங்கிலம் பேசினால் கோபித்தாள். பிறகு கெஞ்சினாள். பிள்ளைகள் நட்சத்திரங்களை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

இதில் முதல் ஆள் அவளுடைய சொந்த மகள். சனுதிக்கு ஒன்பது வயது. சொல்வது எல்லாம் புரியும். "கதவைச் சாத்து" என்று சிங்களத்தில் சொன்னால் சாத்துவாள். "ஏன் சாத்தினாய்?" என்று கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்? பள்ளிக்கூடக் குழுவின் தலைவர் மடுகல்லே மாத்தயா அதை நேராகச் சொல்ல மாட்டார். "சனுதிப் புள்ள எப்பிடி, இப்ப கொஞ்சம் பேசுதா?" என்று ஒவ்வொரு வாரமும் அக்கறையோடு விசாரிப்பார். அந்த அக்கறைக்கு அவர் நேராகவே திட்டியிருக்கலாம் என்று இனோகாவுக்குத் தோன்றும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகள் தன்னிடம் வாயைத் திறந்து சிங்களத்தில் ஏதாவது பேச வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

அந்த ஜனவரியில்தான் பியசீலி லூலுவாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பியசீலி இலங்கையில் பிபிலைப் பக்கத்துக்காரி. ஐம்பதை நெருங்கியவள். சல்மியாவில் ஒரு குவைத்தி டாக்டர் அம்மா வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அந்த விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து தேநீர் போடுவாள். இரண்டு வார்த்தை சொந்தப் பாஷையில் பேசக் கிடைப்பதே அவளுக்குக் கூலி. அன்றைக்கு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, சுருட்டை முடியும் பெரிய கண்களுமாக ஏழு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"விட்டுட்டு வர முடியல்ல டீச்சர். வாசல்ல படுத்துக்கிட்டு அழுகை. மேடத்துக்கிட்ட கேட்டேன், கூட்டிட்டுப் போன்னாங்க. ஓரமா உக்காந்திருப்பா."

ஓரமா உட்கார்ந்திருந்தது இடைவேளை மணி வரைக்கும்தான். ஊஞ்சலுக்கு நின்ற வரிசையில் தினுக என்கிற தடித்த பையன் இடையில் புகுந்தான். அதற்குப் பிறகு முற்றத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு இனோகா கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"டேய் கட்டையில போறவனே! இது என்ன உங்கப்பன் கட்டிவெச்ச ஊஞ்சலா? போடா பின்னால! மாட்டுக்குக் கூட முன்னபின்ன தெரியும்!"

சுத்தமான சிங்களம். அதுவும் பிபிலைச் சிங்களம். சந்தையில் மீன் வாங்கும் பெண்பிள்ளை இடுப்பில் கைவைத்துப் பேசுகிற அதே ராகம். அந்தக் குவைத்திக் குழந்தையும் இடுப்பில் கைவைத்துத்தான் நின்றது.

தினுக வாயைப் பிளந்தபடி பின்னால் போனான்.

இனோகாவுக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அதிகமாக வந்தது ஆவல்தான். ஏதோ அரிய பறவை முற்றத்தில் வந்து இறங்கினதுபோல, அன்றிலிருந்து அவள் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி வந்தது இவ்வளவு பேச்சு? பியசீலியைக் கேட்டால், "நான் என்னத்த சொல்லிக் குடுத்தேன்? சோறூட்டும்போது பேசுவேன். தூங்கவைக்கும்போது பேசுவேன். துணி மடிக்கிறப்ப எனக்கு நானே புலம்புவேன். அதுவா பொறுக்கிக்கிச்சு" என்றாள்.

லூலுவாவுக்கு அரபு தெரியும், சிங்களம் தெரியும். ஆங்கிலத்தில் ஒன்று இரண்டு மூன்றுக்கு மேல் போகாது. அதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. ஊஞ்சலை யார் ஆள்வது, யார் யாரைத் துரத்துவது, யார் அவுட் என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் லூலுவாவின் கைக்குப் போய்விட்டது. அவளோடு விளையாட வேண்டுமென்றால் அவளுக்குப் புரிகிற பாஷையில் பேசியாக வேண்டும். அவளோடு சண்டை போட வேண்டுமென்றாலும் அப்படித்தான். பிப்ரவரி முடிவதற்குள் முற்றத்தில் சிங்களம் கேட்டது. கரடுமுரடான, கை ஒடிந்த, கால் ஒடிந்த சிங்களம். ஆனாலும் சிங்களம்.

இனோகா சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்பாள். ஒரு டீச்சர் செய்கிற காரியம் இல்லைதான். ஒரு நாள் மதில் ஓரத்தில் சனுதியும் லூலுவாவும் குந்தியிருந்து எறும்பு பார்த்தார்கள்.

"இது எங்க போகுது?" என்றாள் சனுதி, சிங்களத்தில்.

"கல்யாண வீட்டுக்கு. பாரு, சீனி கொண்டு போகுது."

"மாப்பிள்ளை யாரு?"

"அந்தக் குண்டு எறும்பு. சோம்பேறி. ஒரு வேலையும் செய்யாது, தின்னும்."

"எங்க தாத்தா மாதிரி," என்றாள் சனுதி. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அந்த அப்பா அப்போது காரில் உட்கார்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

இனோகாவுக்கு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடவும் செய்தாள். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் சனுதி நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "என்ன?" என்றாள். அவ்வளவுதான்.

ஏன் இவள் என்னிடம் பேசுவதில்லை? அந்தப் பிள்ளையிடம் பேச வருகிற நாக்கு என்னைக் கண்டதும் எங்கே போய் ஒளிகிறது? இனோகா கட்டிலில் புரண்டு புரண்டு யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. லூலுவா வந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் சனுதியின் வாயில் சிங்களம் இருக்கும்.

மடுகல்லே மாத்தயாவுக்கு வேறு கவலை. "பாருங்க டீச்சர், நம்ம பிள்ளைங்க வீட்டுக்கு வந்து 'கட்டையில போக'ன்னு பேசுதாம். மூணு அம்மாமார் எனக்குப் போன் பண்ணிட்டாங்க. இது கலாசாரத்தைக் காப்பாத்துற இடம்."

"இதுக்கு முன்ன வீட்டுக்குப் போய் என்ன பேசிச்சுங்க மாத்தயா?"

"இங்கிலீசுதான்."

"அப்ப இப்ப திட்டவாவது சிங்களத்துல திட்டுதுங்க இல்லையா?"

மாத்தயா கண்ணாடியைத் துடைத்தார். "இருந்தாலும் அரபிப் பிள்ளை. நாளைக்கு ஏதாவது வந்தா நம்ம தலையிலதான் விடியும். சொல்லிட்டேன்." அவர் சொல்லிவிட்ட காரியங்களில் ஒன்று பலித்துவிடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஏப்ரலில் சிங்களப் புத்தாண்டு வந்தது. பால்சோறு, கொண்டைப் பலகாரம், கொக்கிஸ் என்று மேசை நிறைந்தது. அபாசியாப் பகுதிக் கடையிலிருந்து வெற்றிலைக் கட்டு வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று, சொல்லிக்கொடுத்தவர்களுக்கு வெற்றிலை கொடுத்து, மண்டியிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கும்பிடுகிற பிள்ளையின் தலையில் பெரியவர்கள் கைவைத்து வாழ்த்துவார்கள். வாழ்த்தில் பாதி அந்தக் கையின் சூட்டில் இருக்கும்.

லூலுவா வெற்றிலையை எடுத்துக்கொண்டு டீச்சர்மாரை எல்லாம் கடந்து நேரே சமையலறைக்குப் போனாள். பியசீலி பதறிப்போய்க் கையைப் பாவாடையில் துடைத்தாள். குழந்தை குனிந்தது. பியசீலி அதன் சுருட்டை முடியில் கைவைத்தாள், வாழ்த்து ஒன்றும் வரவில்லை, அழுதாள். பார்த்த இனோகாவுக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடுதான் அந்தத் தப்பையும் செய்தாள்.

"எல்லாரும் கேளுங்க. ரெண்டு ரெண்டு வெத்தலை எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டுல அம்மா அப்பாவுக்கும் இதே மாதிரி குடுத்துக் கும்பிடணும். அடுத்த வெள்ளி நான் கேப்பேன்."

வருஷா வருஷம் சொல்கிறதுதான். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அது வேறு மாதிரியான வீடு என்று புத்தி அந்த நேரம் யோசிக்கவில்லை. லூலுவா இரண்டு வெற்றிலையை எடுத்துப் பத்திரமாகப் பையில் வைத்தாள். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிற பிள்ளை அது.

மறுநாள் பியசீலி போனில் அழுதாள்.

"வீட்டுல விருந்து டீச்சர். மேடத்தோட மாமியார், நாத்தனார்மார், எல்லாரும் உக்காந்திருக்காங்க. இது போய் நடுவுல மண்டி போட்டு, மேடம் காலுல நெத்தியை வெச்சிருச்சு. எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. கடவுளுக்கு மட்டும்தானாம் அவங்க குனியிறது. மாமியார் சத்தம் போட, மேடம் காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாங்க. பிள்ளை விழுந்திருச்சு."

"அடக் கடவுளே. லூலுவா?"

"ஏதோ கத்திட்டு ரூமுக்குள்ள போயிருச்சு. மேடத்தோட பேச்சே இல்ல. மேடம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வர்றாங்களாம். என்னை ஊருக்கு அனுப்பிருவாங்க டீச்சர். போறதுக்கு எனக்குப் பயமில்ல. இதை விட்டுட்டு எப்பிடிப் போவேன்?"

அந்த வாரம் இனோகாவுக்குச் சோறு இறங்கவில்லை. பியசீலியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது தான்தான் என்று நெஞ்சு குத்தியது. அதற்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது. லூலுவா வராமல் போனால் சனுதி? ஒருத்தியின் வாழ்க்கை ஆடிக்கொண்டிருக்கும்போது தன் மகளின் பேச்சை நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அதையும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை லூலுவாவின் தாய் டாக்டர் மஷாயில் வந்தாள். உயரமான பெண். கண்ணுக்கடியில் இரவு வேலையின் கறுப்பு. பின்னால் பியசீலி. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு லூலுவா, தாயை நிமிர்ந்து பார்க்காமல். மடுகல்லே மாத்தயா அவர்களை வகுப்பறைக்குள் உட்காரவைத்துவிட்டு, தேநீர் கொண்டுவருகிறேன் என்று போனவர், போனவர்தான்.

"என் மகளை மனுசர் காலில் விழச் சொன்னது யார்?" என்றாள் மஷாயில், ஆங்கிலத்தில்.

"நான்தான் டாக்டர். தப்பு என்னோடது. பியசீலிக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. எங்க பிள்ளைங்களுக்குச் சொல்றதை யோசிக்காம எல்லாருக்கும் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பு வரும் என்று மஷாயில் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சண்டைக்குக் கொண்டுவந்த சொற்கள் கையில் மிஞ்சிப்போயின. பிறகு போனை எடுத்தாள்.

"அன்னைக்கு அவ ரூமுக்குள்ள போய்க் கத்தினா. கதவுக்கு வெளிய நின்னு பதிவு பண்ணினேன். ஒரு வாரமா என்னோட பேசல்ல. பியசீலியைக் கேட்டா, சின்னப் பிள்ளைப் பேச்சு மேடம், ஒண்ணுமில்லன்னு சொல்றா. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு பிள்ளை இவ்வளவு நேரம் கத்துமா? என் வயித்துல பிறந்தது. அது என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்க நான் ஊராரைத் தேடி வர வேண்டியிருக்கு. சொல்லுங்க. என்ன சொல்றா?"

போன் பேசியது. அழுகையும் ஆத்திரமுமாக லூலுவாவின் குரல், பிபிலை ராகத்தில்.

"டீச்சர் சொன்ன மாதிரியே செஞ்சேன். வெத்தலை குடுத்தேன். குனிஞ்சேன். எல்லாரோட அம்மாவும் தலையில கை வைக்கிறாங்க. என் அம்மா காலை இழுத்துக்கிட்டாங்க. நான் என்ன தேளா? பாம்பா? சீலி காலை இழுக்கல்ல. சீலி கை வெச்சு அழுதா. சீலிதான் என் அம்மா. நான் சீலியோட ஊருக்குப் போறேன். மாடு மேய்ப்பேன். இந்த வீடு இடிஞ்சு விழட்டும், எனக்கென்ன!"

பியசீலி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கண்கள் இனோகாவைக் கெஞ்சின. கெஞ்ச வேண்டியதே இல்லை. எந்த முதலாளியம்மாவிடம் இதை அப்படியே சொல்ல முடியும்?

இனோகா ஆங்கிலத்தில் சொன்னாள். வெற்றிலையைச் சொன்னாள். தலையில் கைவைக்கும் வழக்கத்தைச் சொன்னாள். தேளா பாம்பா வரைக்கும் வந்தாள். வீடு இடிஞ்சு விழட்டும் என்பதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று மெதுவாக்கிச் சொன்னாள். "அவ்வளவுதான் டாக்டர்," என்று முடித்தாள்.

"அம்மா, நடுவுல விட்டுட்டீங்க."

சிங்களம். வாசற்படியில் சனுதி நின்றுகொண்டிருந்தாள். லூலுவாவைத் தேடி வந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் எந்தப் பேச்சுக்காக இனோகா தவம் கிடந்தாளோ, அந்தப் பேச்சு அத்தனை பேர் முன்னால், இருக்கிற நேரங்களிலேயே மிகப் பொல்லாத நேரத்தில் வந்து விழுந்தது.

"சனுதி, வெளிய போ!"

"மாட்டேன். அது லூலுவா சொன்னது. நீங்க ஏன் விடுறீங்க?"

மஷாயில் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க மக என்ன சொல்றா?"

சனுதி அம்மாவுக்காகக் காத்திருக்கவில்லை. ஆங்கிலத்துக்கு மாறி, விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சீலி காலை இழுக்காதது. சீலி அழுதது. சீலிதான் என் அம்மா என்றது. ஊர், மாடு, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. "கோவத்துல சொன்னா," என்று கடைசியில் தன் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "லூலுவா எப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசுவா. எங்கம்மா வயித்தைக் கிழிச்சுப் பிள்ளை எடுப்பாங்க, திரும்பத் தச்சிருவாங்கன்னு. யாரும் நம்பல்லன்னா அடிப்பா."

மஷாயில் பக்கத்திலிருந்த குழந்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் மார்புக்கு வந்தது.

"நீ அழுதியா?" என்று பியசீலியிடம் அரபில் கேட்டாள்.

"ஆமா மேடம்."

"நான் வீட்டுக்கு வரும்போது அவ தூங்கிட்டிருப்பா. யார் தூங்கவெச்சதுன்னு எனக்குத் தெரியாதா? அதைச் சொன்னா உன்னை அனுப்பிருவேன்னா எல்லாரும் பயந்தீங்க?" குரல் உடைந்தது. "உன்னை அனுப்பிட்டு நான் யாரைக் கேப்பேன், என் பிள்ளைக்கு எது பிடிக்கும்னு?"

பியசீலி முந்தானை இல்லாததால் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மஷாயில் இனோகாவின் பக்கம் திரும்பினாள். "குனியிறது எங்க வழக்கத்துல இல்ல. அது வேணாம், இனிமே சொல்லாதீங்க. கை வைக்கிறது... அதுக்கு என்ன சட்டம்?"

"அதுக்கு ஒரு சட்டமும் இல்ல டாக்டர். தலை இருந்தாப் போதும்."

லூலுவா வரவில்லை. பியசீலிதான் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். குழந்தை விறைப்பாக, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. மஷாயில் அதன் தலையில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கைவைத்தாள்.

"கொஞ்சம் அழுத்தி மேடம்," என்றாள் பியசீலி.

அழுத்தினாள். கை எடுக்கவில்லை. விறைப்பு மெல்ல இறங்கி, பிள்ளையின் நெற்றி தாயின் தோளில் போய் முட்டியது. அங்கிருந்து சிங்களத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தது. சனுதி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன சொல்றா?"

இனோகா மகளைப் பார்த்தாள். இந்தத் தடவை எதையும் விடவில்லை. "இப்பதான் புத்தி வந்திச்சான்னு கேக்கிறா டாக்டர்."

மஷாயில் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயன்றாள். அடுத்த வெள்ளி தானே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அந்த நேரத்தில்தான் மடுகல்லே மாத்தயா ஆறிப்போன தேநீரோடு உள்ளே வந்தார்.

காரில் வீட்டுக்குப் போகும் வழியில் இனோகா பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "அந்தம்மா கோவிச்சுக்கிட்டு பியசீலி அக்காவை அனுப்பியிருந்தா என்ன செய்வே? பெரியவங்க ஒண்ணை விட்டா காரணமாத்தான் விடுவாங்க. தெரியாதா?"

"நீங்க மட்டும் பொய் சொல்லலாமா?" என்றாள் சனுதி. சிங்களத்தில்.

"பொய் இல்ல அது. மறைச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் ஒரு சொல் தப்பாச் சொன்னாக்கூட நிறுத்தித் திருத்துறீங்க. இன்னொருக்காச் சொல்லு, இன்னொருக்காச் சொல்லுன்னு. லூலுவா திருத்த மாட்டா. திட்டுவா, ஆனா திருத்த மாட்டா. அதான் அவளோட பேசுறேன். நீங்க இன்னைக்கு அவ்வளவு பெரிசா விட்டீங்க, உங்களை யாரு திருத்துறது?"

இனோகா மாதக்கணக்கில் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தேடிய விடை பின் இருக்கையிலிருந்து முகத்தில் அறைந்தது. வலித்தது. ஆனாலும் மகள் பேசிய அந்த நாலு வரியில் மூன்று இடத்தில் பிழை இருந்தது, காதில் கல் மாதிரி இடறியது. டீச்சரின் நாக்கு பழக்கத்தில் எழும்பியது. இனோகா பல்லைக் கடித்து அதை உள்ளே வைத்தாள்.

"அது என்னடி பேச்சு, அம்மாவுக்கே புத்தி சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லுவேன்!" என்றாள் சனுதி.

வீடு வந்து சேரும்வரை தாயும் மகளும் விடாமல் சண்டை போட்டார்கள். முழுக்க முழுக்கச் சிங்களத்தில்.